பெண் பச்சோந்தி தனியாக இருந்தாலும் முட்டையிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில் செல்லப்பிராணிகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நாய், பூனை பற்றி எழுதியிருந்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடைசியில் பச்சோந்தி பற்றி வந்த நாலைந்து வரிகளில், பெண் பச்சோந்தியை ஆணோடு சேர்க்காமல் தனியாக வளர்த்தால் முட்டை, குஞ்சு என்று எந்தக் கவலையும் இல்லை என்று இருந்தது. குஞ்சு வராது, அது சரி. முட்டை வரும். அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் பேசாமல் இருந்துவிட்டால் அந்தச் சின்ன உயிர் போய்விடும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

ரொறன்ரோவில் நம்முடைய பிள்ளைகள் பலர் இப்போது பச்சோந்தி வளர்க்கிறார்கள். பெரும்பாலும் கடைகளில் வெய்ல்ட் கமீலியன் என்று விற்கும் யேமன் பச்சோந்திதான், தலையில் உயரமாகக் கொண்டை வைத்திருக்குமே, அது. யேமனும் சவூதியின் தென்மேற்குப் பக்கமும் அதன் சொந்த இடம், ஆனால் கடைக்கு வருபவை அநேகமாகக் கூண்டிலேயே பிறந்தவை. நான் பல வருடமாக இவற்றை வளர்க்கிறேன், அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று படம் எடுத்து அனுப்பிக் கேட்பார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அக்கா, வயிறு ஊதியிருக்கு, சாப்பாடும் எடுக்குதில்லை, மலச்சிக்கலா?" படத்தைப் பார்த்தால் முட்டை.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று பாருங்கள், கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். யேமன் பச்சோந்தியில் இது மிகச் சுலபம். பின்னங்காலின் குதிப்பக்கம் சின்னதாக ஒரு முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், அது முட்டையிலிருந்து வரும்போதே ஆணுக்கு இருக்கும். அந்த முள் இல்லாவிட்டால் பெண். குட்டியாக இருக்கும்போது உற்றுப் பார்க்க வேண்டும், நல்ல வெளிச்சத்தில் காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வளர்ந்த பிறகு கொண்டையும் சொல்லும், ஆணுக்குத்தான் அது உயர்ந்து நிற்கும், பெண்ணுக்குக் குறைவு, உடம்பும் சிறிது.

பெண் என்று தெரிந்துவிட்டால், ஆண் வாசனையே படாமல் வளர்ந்தாலும் அது முட்டை போடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோழி சேவல் இல்லாமலும் முட்டை போடுகிறதல்லவா, அதே கதைதான், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் கோழி ஒரு முட்டையாகப் போடும், இது ஒரே தடவையில் 20 முதல் 70 வரை போடும், அளவுக்கு மீறித் தீனி கொடுத்து வளர்த்தால் 80ஐயும் தாண்டும். நூறு கிராமைச் சுற்றி நிறையுள்ள ஒரு உடம்புக்குள் இவ்வளவும் உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே அதன் உடம்பு இதற்குத் தயாராகிவிடும். பிள்ளைகள் அதை இன்னும் குட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கும் வயது அது. பிறகு வருடத்தில் இரண்டு மூன்று தடவைகூட வரலாம். ஒருமுறை ஆணோடு சேர்ந்ததென்றால் அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்து, அடுத்த தடவையும் ஆணில்லாமலே பொரிக்கக்கூடிய முட்டை போடவும் செய்யும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெண் வயதுக்கு வந்ததும் பச்சை மேலில் தோள் பக்கம் வெளிர்நீலப் புள்ளிகள் தெரியும், மஞ்சள் திட்டுகளும் வரும். ஆணோடு சேர்ந்த பிறகு ஒரு நாளுக்குள்ளேயே உடம்பு கறுத்து, அந்தக் கறுப்பின் மேல் மஞ்சளும் நீலமும் பளிச்சென்று எழும், ஆணைக் கண்டால் வாயைத் திறந்து சீறி உடம்பை ஆட்டும். 'எனக்குக் கிட்ட வராதே' என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் தனியாக வளர்வதில் இந்தக் கறுப்பு அவ்வளவு தெளிவாக வருவதில்லை, சிலதில் நிறம் மாறாமலே முட்டை முற்றிவிடும். அதனால் வீட்டில் ஒற்றையாக வளர்ப்பவர்கள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உடம்பைப் பாருங்கள். கொழுப்பால் பெருத்தது என்றால் கை கால் தடித்திருக்கும், கொண்டையின் இரண்டு பக்கமும் பூசினாற்போல் நிறைந்திருக்கும், வயிறு வழுவழுவென்று ஒரே சீராக உருண்டிருக்கும். முட்டையென்றால் பெருப்பு வயிற்றின் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் இருக்கும், கை கால் அப்படியே மெலிவாக இருக்கும், அது மூச்சை வெளியே விடும்போது விலாவுக்குக் கீழே தோலில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். நான் பார்ப்பது எப்போது என்றால், காலையில் விளக்குக்குக் கீழே வெயில் காய உடம்பைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுக்குமே, அப்போது. எதிர்ப்பக்கமிருந்து வெளிச்சம் விழும்போது அந்தப் புடைப்புகளின் நிழல் தோலில் வரிசையாக விழும். பார்த்தால் போதும், தயவுசெய்து கையில் எடுத்து வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் பரவி அழற்சி வரும், அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், நடுவில் ஒரு சின்னப் பூச்சட்டியை வைத்து அதன் கிளையில் ஏறவிட்டு நிறுத்தால் அதற்கும் பயம் இருக்காது. தீனி கூட்டாமலே நிறை ஏறிக்கொண்டு போனால் காரணம் அநேகமாக உள்ளேதான் இருக்கிறது.

இதெல்லாவற்றையும்விட நான் நம்புவது அதன் நடத்தையைத்தான். பச்சோந்தி இயல்பாக உயரத்தில் இருக்கும் பிராணி, கூட்டின் மேல்பாதியை விட்டு அது சும்மா இறங்காது. முட்டை முற்றும்போது அந்தப் பழக்கமெல்லாம் மாறும். முதலில் நன்றாகச் சாப்பிட்டதுபோல் இருக்கும், பிறகு திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கும், அல்லது அடியோடு நிறுத்தும், தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். பிறகு இறங்கும். கூட்டின் அடித்தளத்தில் மூலைக்கு மூலை நடக்கும், வலையைப் பிடித்து ஏறி மறுபடி இறங்கும், கதவைத் திறந்தால் வெளியே வரப் பார்க்கும், பூச்சட்டி மண்ணை முன்னங்காலால் கீறிப் பார்க்கும். அதன் காலைத் தெரியுமல்லவா, கிளையைக் கவ்வுவதற்காக இரண்டு விரல் ஒரு பக்கமும் மூன்று விரல் மறுபக்கமுமாக ஒட்டிப்போன கால், தோண்டுவதற்கென்று செய்த கால் அல்ல. ஆனாலும் முன்காலால் கீறி, பின்காலால் தள்ளி, மூக்கிலும் நகத்திலும் ஈரமண் ஒட்ட ஒட்ட அது தோண்டுவதைப் பார்த்தால், அதற்கு எவ்வளவு அவசரம் என்று விளங்கும். மண்ணைக் கீறுவதைக் கண்டபிறகு நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது, அன்றைக்கே இடம் செய்து கொடுக்க வேண்டும்.

உண்மையில் அன்றைக்கு என்பதே பிந்தியதுதான். ஐந்து மாதம் ஆகும்போதே, முட்டையிடுவதற்கான மணல் தொட்டி கூட்டுக்குள் இருக்க வேண்டும், இருந்தபடியே இருக்கட்டும், எடுக்கவே வேண்டாம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத, ஒளி ஊடுருவாத ஒரு பிளாஸ்டிக் தொட்டி அல்லது வாளி, அடியில் தண்ணீர் வடிய சில துளை. பிள்ளைகள் விளையாடும் கழுவிய மணலை 20 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் நிரப்புங்கள், இன்னும் ஆழமாக இருந்தால் இன்னும் நல்லது. உரம் கலந்த பூச்சட்டி மண் வேண்டாம். மணல் ஈரமாக இருக்க வேண்டும்: அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக்கூடாது. விரலால் ஒரு துளை போட்டுப் பாருங்கள், அது சரியாமல் நின்றால் சரி. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அது தொட்டியின் அடிவரை சுரங்கம் மாதிரித் தோண்டி முழு உடம்பையும் உள்ளே நுழைத்துவிடும், காய்ந்த மணல் மேலே சரிந்தால் மூச்சு முட்டிப் போகும். இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டில் மணல் நாம் நினைப்பதைவிட வேகமாகக் காயும், அதனால் மார்கழி, தை மாதங்களில் இன்னும் கவனம்.

தோண்டத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு இது கஷ்டம், ஆசை ஆசையாகப் பார்க்க வருவார்கள், ஆனால் ஒரு முகத்தைக் கண்டால் போதும், பாதியில் விட்டுவிட்டு மேலே ஏறிவிடும். பிறகு முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளப் பார்க்கும், ஆபத்து தொடங்குவது அங்கேதான். கூட்டின் முன்பக்கத்தை ஒரு துணியால் மறைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, தூரத்தில் நின்று பாருங்கள். முதல் குழியே பிடிக்கும் என்றில்லை, இரண்டு மூன்று இடம் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இரவில் குழிக்குள்ளேயே தூங்கலாம், அப்படித் தூங்கினால் தூக்கி மேலே வைக்காதீர்கள். உள்ளே திரும்பி, தலை வெளிப்பக்கம் இருக்க முட்டையிட்டு, பிறகு மண்ணைத் தள்ளி மூடிக் காலால் அமுக்கிவிட்டுத்தான் வெளியே வரும். தோண்டுவதிலிருந்து மூடுவது வரை ஒரு நாளிலும் முடியும், இரண்டு மூன்று நாளும் இழுக்கும். இடுப்பெலும்பு தெரிய, வயிறு ஒட்டி, உடம்பெல்லாம் மண்ணோடு வந்து நிற்கும்போது முதலில் தண்ணீர். நீண்ட நேரம் இலைகளில் தெளியுங்கள், குடிக்கக் குடிக்கத் தெளியுங்கள். அடுத்த சில நாள் வயிறாரச் சாப்பாடு கொடுங்கள். அது மூடிய குழியை அதன் கண்முன்னே கிண்டாமல், பிறகு தொட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோய் முட்டைகளை எடுத்து எண்ணிக் குறித்து வையுங்கள். ஆணோடு சேராததாக இருந்தால் அவற்றை எறிந்துவிடலாம், சேர்ந்ததென்றால் பொரிக்க ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை எடுக்கும், அது வேறு கதை.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வயிறு பெருத்து, தோண்டி, பிறகு தோண்டுவதை நிறுத்தி, முட்டை போடாமல் அடித்தளத்திலேயே படுத்துக்கிடந்தால் பொறுத்திருக்க வேண்டாம். பகலில் கண்ணை மூடியபடி இருந்தால், கண் உள்ளே குழி விழுந்திருந்தால், கிளையைப் பிடிக்கப் பலமில்லாமல் விழுந்தால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். இரண்டு விதமாக நடக்கும். சிலதில் ஓடு வைத்த முட்டை வெளியே வர முடியாமல் நின்றுவிடும், சிலதில் ஓடு வைப்பதற்கு முந்தைய கருமுட்டை நிலையிலேயே தேங்கிவிடும். எக்ஸ்ரேயிலும் ஸ்கானிலும் எது என்று தெரியும். நிலைமையைப் பார்த்து நீர்ச்சத்து ஏற்றுவார்கள், கல்சியம் கொடுப்பார்கள், சிலதுக்கு முட்டையைத் தள்ளும் தசையைச் சுருங்கவைக்கும் ஒக்சிற்றோசின் ஊசி போடுவார்கள், அதற்கும் வராவிட்டால் அறுவைச் சிகிச்சை. பலம் இருக்கும்போது கொண்டுபோனால் அறுவையையும் தாங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ஆண் என்று சொல்லி விற்கப்பட்ட பச்சோந்தி. மகன் உயிராய் வளர்த்தான். வயிறு பெருத்தபோது நன்றாகச் சாப்பிடுகிறது என்று சந்தோஷப்பட்டார்கள், இறங்கி இறங்கி ஓடியபோது கூடு சிறிது போல என்று பெரிய கூடு வாங்கினார்கள். சாப்பாட்டை விட்டதும் கிட்ட இருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள், நாய் பூனை மட்டும் பார்க்கிற இடம், மலச்சிக்கல் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஊர்வன பார்க்கும் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்ரேயில் வயிறு முழுக்க முட்டை, அறுவைக்குத் தெம்பில்லாத உடம்பு. அந்தப் பிள்ளை இன்னும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பின்னங்காலில் முள் இருக்கிறதா என்று பார்க்கும்படி யாராவது ஒருவர் அவர்களுக்கு முதலே சொல்லியிருந்தால் ஒரு வாளி மணலோடு முடிந்திருக்கும்.

ஆகவே வாங்கும் நாளிலேயே, வீட்டுக்கு எட்டிய தூரத்தில் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் யார், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் இவற்றைப் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் கொண்டுபோவதென்றால் காரை முதலே சூடாக்கி, மூடிய பெட்டிக்குள் துவாய் விரித்து, இருட்டாக வைத்துக் கொண்டுபோங்கள்.

முட்டையை முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அது நம் கையில்தான் இருக்கிறது. அன்பைக் காட்டுவதென்றால் சாப்பாடு போடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம், இங்கே அது எதிராகப் போகும். வளரும் குட்டிக்குக் குறைக்கக்கூடாது, ஆனால் வளர்ந்த பெண்ணுக்கு ஒன்றுவிட்டொரு நாள் மூன்று நாலு சில்வண்டோ டூபியா கரப்பானோ போதும், வெயில் காயும் இடமும் 27 பாகை செல்சியஸைச் சுற்றி இருந்தால் போதும். அதிக சூடும் அதிக தீனியும் சேர்ந்தால் முட்டையும் அதிகம். பூச்சிகளின் மேல் பொஸ்பரஸ் இல்லாத கல்சியப் பொடியை ஒவ்வொரு தடவையும் லேசாகத் தூவுங்கள், விற்றமின் டி3 கலந்தது மாதம் இரண்டு தடவை. வெயிலைப் போலப் புற ஊதாக் கதிர் கொடுக்கும் யூவிபி விளக்கு நீளக் குழாய் விளக்காக இருக்கட்டும், எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் சக்தி குறைந்துவிடும் என்பதால் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள். கல்சியம் ஓட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் அதுதான் வேண்டும், அது குறைந்த உடம்பில் முட்டை சிக்குவது அதிகம்.

வேறு இனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மடகஸ்காரின் பாந்தர் பச்சோந்திக்கும் மேலே சொன்னது அநேகமாகப் பொருந்தும், முட்டை எண்ணிக்கை குறைவு. ஆனால் ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்பு இருக்கும் ஜாக்சன் பச்சோந்தி முட்டையிடாது, குட்டியாகவே ஈனும், அதற்கு மணல் தொட்டி தேவையில்லை.

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வறண்ட பற்றைக் காடுகளிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் நம் பச்சோந்தியும் முட்டையிடத் தரைக்குத்தான் இறங்கும். மெதுவாக ஆடி ஆடி நடக்கிற அதை விஷம் என்று சொல்லிக் கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு விஷமே கிடையாது. அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் கூடாது, இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். விடுமுறைக்குப் போகும் பிள்ளைகள் தரையில் ஒன்றைக் கண்டால் தள்ளி நின்று அது தோண்டட்டும் என்று விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, பெண் பச்சோந்தி தனியாக இருந்தாலும் முட்டையிடும், ஐந்து மாதத்திலேயே மணல் தொட்டி வையுங்கள் என்று குடும்பப் பக்கத்திலேயே, வந்த அதே இடத்தில் போடுங்கள். கடிதப் பகுதியை எல்லோரும் வாசிப்பதில்லை. வாசகர்கள் யாராவது கேள்வி எழுதினால் எனக்கு அனுப்பி வையுங்கள், பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ